உவரி ஏலமும் பதினாறு சூத்திரங்களும்

வேத கணிதம் எந்த ஊர்ச் சரக்கு? யாரிடமாவது கேட்டால் காசி, ஹரித்வார், இமயமலைக் குகை என்றுதான் பதில் வரும். அந்தப் பெயரில் உலகம் முழுக்க விற்கும் நூலை எழுதியவர் பிறந்தது நம்ம திருநெல்வேலியில். திருநெல்வேலிக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது. அல்வாவுக்குக் கிடைத்த விளம்பரம் இவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தக் கட்டுரையில் இரண்டு விஷயங்களைப் பார்க்கப்போகிறேன். ஒன்று, இந்த நூலின் வரலாறு. இன்னொன்று, இதில் உள்ள உத்திகள் அன்றாட வாழ்க்கையின் வார்த்தைக் கணக்குகளுக்கு எந்த அளவு உதவும் என்பது. "உங்கள் பிள்ளை கால்குலேட்டரைவிட வேகமாகக் கணக்குப் போடும்" என்று சொல்லி ஊருக்கு ஊர் வகுப்பு நடக்கிறது. பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். ஆகவே என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது என்பதைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

தாசில்தார் மகன்

1884 மார்ச் 14 அன்று பிறந்த அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேங்கடராமன். அப்பா நரசிம்ம சாஸ்திரி திருநெல்வேலியில் தாசில்தார். பையன் படிப்பில் கெட்டிக்காரர். சர்ச் மிஷன் சங்கத்தார் நடத்திய கல்லூரி, இந்துக் கல்லூரி என்று திருநெல்வேலியில் படித்து, 1899-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். இந்துக் கல்லூரியின் பள்ளியில்தான் அவரைவிட ஒரு வயதுக்குச் சற்று மேல் மூத்த எட்டயபுரத்து சுப்பிரமணிய பாரதியும் சில ஆண்டுகள் படித்தார். பாரதி அந்த ஆங்கிலப் பள்ளிப் படிப்பைப் பின்னாளில் தன் சுயசரிதைக் கவிதையில் கடுமையாகச் சாடினார். வேங்கடராமனோ அதே படிப்பில் பரிசுகளை அள்ளினார். இருவர் பெயரிலும் கடைசியில் 'பாரதி' ஒட்டிக்கொண்டது ஒரு தற்செயல்தான், ஆனால் ரசமான தற்செயல்.

கோகலேயுடன் தேசியக் கல்வி இயக்கத்தில் வேலை, 1908-இல் ராஜமுந்திரி தேசியக் கல்லூரியின் முதல்வர் பதவி என்று போன வாழ்க்கை, பிறகு துறவுப் பக்கம் திரும்பியது. 1911-க்குப் பின் பல ஆண்டுகள் சிருங்கேரியில் வேதாந்தப் படிப்பும் தியானமும். 1919-இல் காசியில் சந்நியாசம். 1925-இல் பூரி கோவர்த்தன மடத்தின் சங்கராசாரியார். பாரதி கிருஷ்ண தீர்த்தர் என்று உலகம் அறிந்தது அந்தப் பெயரில்தான். 1958-இல் அமெரிக்கா போய் அங்கே கணிதம் பற்றியும் பேசினார். 1960 பிப்ரவரி 2 அன்று காலமானார்.

நூல் அவர் உயிரோடு இருக்கும்போது அச்சாகவில்லை. 1965-இல் காசி இந்து பல்கலைக்கழகம் வெளியிட்டது; பதிப்பாசிரியர் வி.எஸ். அகர்வாலா. நூலின் முன்பகுதியில் சுவாமிகளின் சீடர் மஞ்சுளா திரிவேதி அது உருவான கதையைச் சொல்கிறார். சிருங்கேரிக் காடுகளில் தவமிருந்து, அதர்வ வேதத்தில் சிதறிக் கிடந்தவற்றிலிருந்து உள்ளுணர்வால் சூத்திரங்களை மீட்டெடுத்தார். அவற்றைப் பற்றி எழுதிய 16 தொகுதிகள் காணாமல் போயின. கண்பார்வை மங்கிய நிலையில் 1957-இல் நினைவிலிருந்து இந்த ஒரு தொகுதியை எழுதினார். இதுதான் அந்தக் கதை.

வேதத்தில் இருக்கிறதா?

1950-இல் சுவாமிகள் லக்னோவுக்கு வந்தபோது, அங்கே இந்தியக் கணித வரலாற்று ஆய்வாளர் கே.எஸ். சுக்லா அவரைச் சந்தித்தார். சாதாரண ஆள் இல்லை; ஆரியபட்டீயத்தைப் பதிப்பித்தவர்களில் ஒருவர். அச்சில் வந்த அதர்வ வேதப் பரிசிஷ்டத்தைக் கையோடு கொண்டுபோய், இந்தப் பதினாறு சூத்திரங்கள் இதில் எங்கே இருக்கின்றன என்று கேட்டார். சுவாமிகள் தந்த பதில்: அவை தம்முடைய பரிசிஷ்டத்தில் உள்ளன, வேறு எந்தப் பரிசிஷ்டத்திலும் இல்லை. பதிப்பாசிரியர் அகர்வாலாவும் முன்னுரையில் இதை மறைக்கவில்லை. தெரிந்த பரிசிஷ்டங்களில் இவை இல்லை, இவற்றின் மொழிநடையும் சுவாமிகளே கண்டவை என்பதைத்தான் காட்டுகிறது என்ற பொருளில் எழுதியிருக்கிறார். சுவாமிகளும் 'வேதம்' என்ற சொல்லை 'எல்லா அறிவுக்கும் ஊற்று' என்ற விரிந்த பொருளில் எடுத்துக்கொள்வதாகத் தம் முகவுரையில் விளக்குகிறார். ஆக, நூலுக்குள்ளேயே இருக்கும் எச்சரிக்கையை அட்டையின் தலைப்பு விழுங்கிவிட்டது.

உள்ளே இருக்கும் கணக்கும் இதையே சொல்கிறது. நூலில் மிகப் பிரபலமான வித்தை 1/19-இன் தசம விரிவு. கடைசி இலக்கம் 1. அதை 2 ஆல் பெருக்கிக்கொண்டே வலமிருந்து இடமாக எழுதுங்கள். பத்தைத் தாண்டினால் மிச்சத்தை அடுத்ததில் கூட்டுங்கள். 1, 2, 4, 8, அடுத்து 16 என்பதால் 6 எழுதி 1 மிச்சம், அடுத்து 13 என்பதால் 3 எழுதி 1 மிச்சம்... இப்படிப் போனால் 0.052631578947368421 என்று 18 இலக்கமும் வந்து நிற்கும். அழகான வித்தைதான். ஆனால் தசமப் பின்னம் என்ற எழுத்துமுறை இருந்தால்தான் இந்தக் கேள்வியே பிறக்கும். வேதகாலக் கணிதம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை சுல்ப சூத்திரங்கள். யாகசாலைக்குச் செங்கல் அடுக்கும் வடிவியல். அங்கே 2-இன் வர்க்கமூலத்தை 1 + 1/3 + 1/(3×4) − 1/(3×4×34) என்று சாதாரணப் பின்னங்களில்தான் தருகிறார்கள். கணக்குப் போட்டால் 577/408, அதாவது 1.4142156. ஐந்து தசம இடம் வரை சரி. தசமப் புள்ளி இல்லாமலே!

இன்னொரு பக்கம், நூலின் சில உத்திகள் உண்மையிலேயே பழையவை. 'ஊர்த்வ திர்யக்' என்ற குறுக்கும் நெடுக்குமான பெருக்கலை, லீலாவதிக்கு 1545-இல் உரை எழுதிய கணேச தைவக்ஞர் விளக்கியிருக்கிறார். அதற்கு முன்பே, 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சியோலியின் நூலிலும் அது இருக்கிறது. 'நிகிலம்' போல பத்திலிருந்து எவ்வளவு குறைகிறது என்று பார்த்துப் பெருக்கும் முறை 1543-இல் வந்த ராபர்ட் ரெக்கார்டின் ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தில் உண்டு. பத்தடிமானத்தில் எண் எழுதும் எவரும் கொஞ்ச நாள் விளையாடினால் போய்ச்சேரும் இடங்கள் இவை. அதனால் இவற்றுக்கு மதிப்புக் குறையவில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழை மாற்றி எழுத வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, வேலைக்கு ஆகுமா?

ஆகும். எப்படி என்று பார்க்க உவரிக்குப் போவோம். திருநெல்வேலியிலிருந்து தென்கிழக்கே, திசையன்விளை தாண்டினால் வரும் கடற்கரை ஊர். சுயம்புலிங்க சுவாமி கோயிலுக்கும் அந்தோனியார் கோயிலுக்கும் வருகிற கூட்டம் ஒரு பக்கம், மீன்பிடி இன்னொரு பக்கம், சுற்றிலும் பனை. அன்றாடக் கணக்குக்குப் பஞ்சமில்லாத ஊர். கீழே வரும் எண்கள் எல்லாம் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

கணக்கு ஒன்று: 97 கிலோ சாளை, கிலோ 96 ரூபாய்க்கு ஏலம் போகிறது. மொத்தம் எவ்வளவு?

நிகிலம் முறை: 97-க்கு 100-இலிருந்து 3 குறைவு, 96-க்கு 4 குறைவு. 97-இல் 4-ஐக் கழித்தால் 93. குறைகளைப் பெருக்கினால் 12. விடை 9,312. மூச்சு விடும் நேரத்தில் முடிந்தது. ஏன் சரியாக வருகிறது? எட்டாம் வகுப்பு இயற்கணிதம்தான்: (100 − அ)(100 − ஆ) = 100 × (100 − அ − ஆ) + அ × ஆ. நடுவில் உள்ள 100 − அ − ஆ தான் நாம் பார்த்த 93.

கணக்கு இரண்டு: கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் 47 ரூபாய். 43 பொட்டலம் வாங்கினால்?

பத்தின் இடத்தில் இரண்டிலும் 4. ஒன்றின் இடத்து 3-உம் 7-உம் கூடினால் 10. இப்படி அமைந்தால், 4-ஐ அதற்கு அடுத்த எண்ணான 5-ஆல் பெருக்கி 20, பின்னால் 3 × 7 = 21. விடை 2,021. 'ஏகாதிகேன' என்கிற 'ஒன்று கூட' சூத்திரத்தின் ஒரு பயன் இது. 65 × 65 போன்றவையும் இதே வழி: 6 × 7 = 42, பின்னால் 25; 4,225.

கணக்கு மூன்று: 23 பேர் பஸ்ஸில் போகிறார்கள், தலைக்கு 41 ரூபாய் டிக்கெட்.

குறுக்குப் பெருக்கல்: முன்னெண்கள் 2 × 4 = 8. குறுக்கே 2 × 1 + 3 × 4 = 14. பின்னெண்கள் 3 × 1 = 3. அடுக்கினால் 8, 14, 3. 14-இன் 1-ஐ முன்னே தள்ளினால் 943. எந்த எண்ணுக்கும் பொருந்துகிற பொது முறை இது.

கூடவே ஒரு சரிபார்ப்பு. 97-இன் இலக்கக் கூட்டு 16, அதாவது 7. 96-க்கு 15, அதாவது 6. 7 × 6 = 42, அதாவது 6. விடை 9,312-இன் இலக்கங்களைக் கூட்டினால் 15, அதுவும் 6. பொருந்துகிறது. ஒன்பதால் மீதி பார்க்கும் இந்தச் சோதனை எல்லாப் பிழையையும் பிடிக்காது. 9,312-ஐ 9,132 என்று மாற்றி எழுதினால் பிடிபடாது. ஆனாலும் கடை பில்லைப் பார்க்க நல்ல கருவி. என்னைக் கேட்டால் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான்.

இனி இந்த உத்திகள் சறுக்கும் இடம். 83 கிலோ, கிலோ 137 ரூபாய். நிகிலத்தில் போனால் 17 குறைவு, 37 அதிகம். 12,000-இலிருந்து 17 × 37-ஐக் கழிக்க வேண்டும். அந்த 17 × 37 என்பதே தனிக் கணக்கு. அதைவிட 137 × 80 = 10,960, அதோடு 137 × 3 = 411, மொத்தம் 11,371 என்று பள்ளிக்கூட வழியில் போவது சுலபம். மேடையில் செய்து காட்டுபவர்கள் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சந்தையில் எண் நம்மைத் தேர்ந்தெடுக்கிறது.

மென்பொருள்காரன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். குறுக்குப் பெருக்கல் கணினிச் சில்லு வடிவமைப்பில் பயன்படுகிறது என்று நிறைய ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் மூன்று இலக்கத்தை மூன்று இலக்கத்தால் பெருக்க, பள்ளி முறையிலும் 9 ஒற்றைப் பெருக்கல், இதிலும் 9. வரிசைதான் மாறுகிறது; வேலை குறையவில்லை. பெருக்கலின் எண்ணிக்கையையே குறைக்க முடியும் என்று காட்டியவர் மாஸ்கோவில் இருந்த கரட்சுபா என்ற இளைஞர். சுவாமிகள் காலமான அதே 1960-இல் அது நடந்தது. பெரிய எண்களைப் பெருக்கும் கணினி நிரல்களில் இன்றும் அந்த முறை ஓடுகிறது.

இப்போது நிஜமான கணக்கு

மேலே பார்த்த 97 கிலோ சாளைக்கு வருவோம். கரையில் யாருக்கும் 9,312 என்பதோடு கணக்கு முடிவதில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பமே. வார்த்தையில் எழுதினால் இப்படி:

"மீன் 9,312 ரூபாய்க்குப் போனது. ஏலத் தரகு 100-க்கு 5. எண்ணெய்ச் செலவு 1,800 ரூபாய். மீதியில் பாதி வள்ளத்துக்கும் வலைக்கும். மறுபாதி நாலு ஆளுக்குச் சமமாக. ஒரு ஆள் பங்கு எவ்வளவு?"

முதல் வாசிப்பு: மொத்தத்தில் தரகு 465.60 போனால் 8,846.40. எண்ணெய் 1,800 போனால் 7,046.40. பாதி 3,523.20. ஆளுக்கு 880 ரூபாய் 80 காசு.

இரண்டாம் வாசிப்பு: எண்ணெயை முதலில் கழித்து, மிச்சமுள்ள 7,512-க்குத்தான் தரகு என்றால் தரகு 375.60. மீதி 7,136.40. பாதி 3,568.20. ஆளுக்கு 892 ரூபாய் 5 காசு.

மூன்றாம் வாசிப்பு: எண்ணெய் வள்ளக்காரர் பொறுப்பு, அவர் பாதியிலிருந்துதான் போகும் என்றால், 8,846.40-இல் பாதி 4,423.20. ஆளுக்கு 1,105 ரூபாய் 80 காசு.

ஒரே வாக்கியம், மூன்று விடை. முதலுக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் ஆளுக்கு 225 ரூபாய். தினமும் கடலுக்குப் போகிறவருக்கு அது மாசத்தில் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நிகிலம் நமக்கு மிச்சப்படுத்தியது சில நொடிகள். "எண்ணெய் யார் கணக்கில்?" என்ற கேள்வி மிச்சப்படுத்துவது 225 ரூபாய். பதினாறு சூத்திரத்தில் எதுவும் அந்தக் கேள்வியைக் கேட்காது. கேட்க வேண்டும் என்று சொல்வதுகூட நியாயமில்லை, ஏனென்றால் அது பெருக்கலைப் பற்றிய நூல்.

இதுதான் நான் சொல்ல வந்தது. வார்த்தைக் கணக்கில் மூன்று படிகள் உண்டு. வாக்கியத்தைப் புரிந்து உறவுகளை எழுதுவது, அளவுகளை ஒரே அலகுக்குக் கொண்டுவருவது, கடைசியாக எண்ணைப் போட்டு விடை காண்பது. வேத கணிதம் மூன்றாவது படியில் மட்டும் வேலை செய்கிறது. பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் முதல் படியில். "என் பையன் கணக்கில் மெதுவா இருக்கான்" என்று வகுப்பில் சேர்ப்பவர்கள், அவன் எந்தப் படியில் மெதுவாக இருக்கிறான் என்று பார்ப்பதில்லை.

கோட்டையும் மரக்காலும்

முதல் இரண்டு படிகளிலேயே முழு உழைப்பையும் போட்ட ஒரு மரபு நம்மிடம் இருந்தது என்பதுதான் இதில் வேடிக்கை. திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கு. பையன்கள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று வரிசையாக மனப்பாடம் செய்தார்கள். பொன்னிலக்கத்தில் எண்களும் பின்னங்களும். நெல்லிலக்கத்தில் முகத்தலளவை: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி, 8 நாழி 1 குறுணி. எண்சுவடி பெருக்கல் வாய்ப்பாடு. குழிமாத்து நிலப்பரப்புக்கான வர்க்கக் கணக்கு. எண் அங்கே தனியாக வருவதே அபூர்வம். பொன்னாகவோ நெல்லாகவோ நிலமாகவோதான் வரும். இந்த மரபை விரிவாக ஆராய்ந்து செந்தில் பாபு 2022-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருக்கிறார். தமிழ்க் கணக்கில் ஆர்வமுள்ளவர்கள் தவறவிடக்கூடாதது.

அதற்கு மேல் படிப்பவர்களுக்குக் கணக்கதிகாரம். காரிநாயனார் பெயரில் வழங்கும் செய்யுள் நூல். நிலம், பொன், நெல், அரிசி, கல் என்று பொருள் வாரியாகப் பிரித்து விதிகளைச் சொல்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் விதி அதில் பிரபலம்: காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். தாவரவியல்படி அது எவ்வளவு சரி என்பது வேறு கேள்வி. கேள்வி எங்கிருந்து பிறக்கிறது பாருங்கள். கையில் இருக்கும் பழத்திலிருந்து.

தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லைக் கோட்டையில் அளந்தார்கள். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். 48 கோட்டைக்கு எத்தனை மரக்கால்? இருபது 48, 960. இன்னொரு 48 சேர்த்தால் 1,008. இந்த இடத்தில் எந்த வித்தையும் தேவையில்லை. அலகே வித்தையைக் கையில் கொடுத்துவிடுகிறது. அடுத்து, 3 கோட்டை நெல்லைக் குத்தினால் எவ்வளவு அரிசி? சோழர் கல்வெட்டுகளில் வரும் 'அஞ்சிரண்டு' விகிதம், அதாவது ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி, என்று வைத்துக்கொண்டால், 63 மரக்கால் நெல்லுக்கு 25 மரக்காலும் ஐந்தில் ஒரு பங்கும். ஐந்தில் ஒன்றுக்குத் தமிழில் 'நாலு மா' என்று பெயரே இருக்கிறது: மா என்றால் 1/20. காணி 1/80, முந்திரி 1/320, அதற்கும் கீழே முந்திரியில் 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. முன்னே பார்த்த 1/19-ஐ ஒரு கணக்குப்பிள்ளையிடம் கேட்டிருந்தால், ஒரு மாவும் ஏறக்குறைய 269 கீழ்முந்திரியும் என்று நிறுத்தியிருப்பார். 18 இலக்கம் அவருக்கு எதற்கு? எந்த மரக்காலில் அதை அளப்பார்?

இந்த மரபைப் பொற்காலம் என்று தூக்கிவைக்கும் ஆள் நானில்லை. திண்ணைப் பள்ளியில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் இடமில்லை. பெண் பிள்ளைகளுக்கு அநேகமாக இல்லவே இல்லை. மனப்பாடம் பிரம்பின் கீழே நடந்தது. கணக்குத் தெரிந்தவர் கையில் அளவும் இருந்தது; மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, குவித்து அளப்பதா என்று தீர்மானிப்பவருக்குத்தான் லாபம். உவரிக் கணக்கின் அந்த 225 ரூபாய்க் கேள்விக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

1957

திருநெல்வேலியில் வேங்கடராமன் படித்த 1890-களில் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை, ஆக ரூபாய்க்கு 192 பை. அந்த உலகத்துக் குறுக்குவழிகள் வேறு மாதிரி. உதாரணமாக, ஒரு டஜன் எத்தனை அணாவோ, ஒன்று அத்தனை பை. டஜன் 7 அணா என்றால் ஒன்று 7 பை. கணக்கே போட வேண்டாம். சுவாமிகளின் நூலில்கூட அடி–அங்குலம், ரூபாய்–அணா போன்ற கலப்பு அளவுகளைப் பெருக்குவதற்கு ஒரு சின்ன அத்தியாயம் உண்டு. ஆனால் நாற்பது அத்தியாயங்களில் பெரும்பகுதி வெறும் எண்ணும் இயற்கணிதமும்தான்.

அவர் இந்தத் தொகுதியை எழுதியதாகச் சொல்லப்படும் 1957-ஆம் ஆண்டிலேதான், ஏப்ரல் 1 அன்று, இந்தியா நயா பைசாவுக்கு மாறியது. ரூபாய்க்கு 100 காசு. அடுத்த சில ஆண்டுகளில் படி, சேர், மணங்கு எல்லாம் போய் கிலோவும் லிட்டரும் வந்தன. 10, 100, 1000 என்பவற்றை அடிப்படையாக வைத்து ஓடும் நிகிலம் போன்ற உத்திகள், இந்தப் புதிய சந்தைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்தின. என் கணிப்பில், 1965-க்குப் பின் அந்த நூல் இவ்வளவு பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். அணா காலத்தில் 97 × 96-ஐ வேகமாகப் போட்டாலும், பிறகு 192-ஆல் வகுத்துக்கொண்டு உட்கார வேண்டும். காசு காலத்தில் புள்ளியை நகர்த்தினால் போதும். எல்லாரும் பழமையானது என்று கொண்டாடும் ஒன்று, உண்மையில் மெட்ரிக் காலத்துக்குத்தான் அதிகம் ஒத்துப்போகிறது.

கணிதவியலாளர் எஸ்.ஜி. தானி 1990-களில் இதைக் கடுமையாக விமர்சித்தார். 2001-இல் கல்வியாளர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து, இது வேதமும் இல்லை, முழுமையான கணிதமும் இல்லை, பாடத்திட்டத்தில் திணிக்காதீர்கள் என்று அறிக்கை விட்டார்கள். பாடத்திட்டம் பற்றி எனக்கும் அதே கருத்துதான். ஆனால் அந்தச் சண்டையில் சுவாமிகளை ஏமாற்றுக்காரர் என்று சுருக்கிவிடுவதும் சரியில்லை. எண்களோடு ஆயுள் முழுக்க விளையாடிய ஒரு திருநெல்வேலிக்காரர், தாம் கண்டவற்றைத் தம் காலத்தின் மொழியில், சூத்திர வடிவில் எழுதி வைத்தார். 'இருபதாம் நூற்றாண்டுத் திருநெல்வேலிக் கணிதம்' என்று போட்டிருந்தால் பெருமை நமக்கு. விற்பனை இந்த அளவு இருந்திருக்காது, அவ்வளவுதான்.

வீட்டில் என்ன செய்யலாம்?

பிள்ளைக்கு நிகிலமும் குறுக்குப் பெருக்கலும் சொல்லிக்கொடுங்கள். ஒரு வாரக் கடைசி போதும், கட்டணம் தேவையில்லை. சொல்லிக்கொடுத்த கையோடு "ஏன் இது சரியா வருது?" என்று கேளுங்கள். (100 − அ)(100 − ஆ) என்று எழுதிப் பார்த்துத் தானே சொல்லிவிட்டால், அந்த நிமிஷத்தில் அது கணிதம். சொல்லாவிட்டால் சீட்டுக்கட்டு வித்தை.

அதற்குப் பிறகு வேகத்தைவிட்டுவிட்டு வார்த்தைக்கு வாருங்கள். பங்குக் கணக்கு, பால் கணக்கு, வாடகை முன்பணம், சீட்டுக் கழிவு, கடன் வட்டி என்று வீட்டைச் சுற்றிக் கிடப்பவற்றை வார்த்தையில் சொல்லி, "இதில் எத்தனை விதமாக அர்த்தம் எடுக்கலாம்? எந்த அர்த்தத்தில் யாருக்கு லாபம்?" என்று கேளுங்கள். பெருக்கலைப் போன் போட்டுவிடும். எண்ணெய் யார் கணக்கில் என்று கேட்க வேண்டியது நாம்தான்.